கையில் கட்டிய நூலும் கைக்கு எட்டாத நூலும்

சங்கரன்கோவில் வட்டத்திலே பாஞ்சாகுளம் என்றொரு சிற்றூர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் நாடே அந்த ஊரின் பெயரை அறிந்துகொண்டது. நல்லதற்காக அல்ல! கையிலே காசை வைத்துக்கொண்டு பெட்டிக்கடை முன் நின்ற பள்ளிச் சிறார் சிலருக்குத் தின்பண்டம் தர மறுத்தார் கடைக்காரர். ஊரிலே கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள், உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இனி இங்கே எதுவும் தருவதற்கில்லை, வீட்டிலே போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்பி வைத்தார். அந்தக் காட்சி படமாகவும் பிடிக்கப்பட்டு, கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டிய செயலை, வெற்றிச் செய்தியைப் போல் விளம்பரப்படுத்தினார்கள். பிறகு கைது நடந்தது. கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டோர் ஆறு திங்கள் ஊருக்குள் கால் வைக்கக் கூடாதென்று நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. அதைப் பாராட்டுகிறோம்.

ஆனால் தோழர்களே, அந்தச் சிறார் என்னவானார்கள் என்று யாராவது கேட்டோமா? கடைக்காரர் சிறைக்குப் போய்த் திரும்பலாம். கடை மூடித் திறக்கலாம். அந்த ஒரு நாளின் கேள்வி பிள்ளையின் நெஞ்சை விட்டுப் போகுமா? 'நான் என்ன செய்தேன்? என் காசு காசில்லையா?' என்ற கேள்விக்கு அவனுக்கு விடை சொன்னது யார்? தாயா? அவள் அழுதிருப்பாள். தந்தையா? அவர் பல்லைக் கடித்திருப்பார். பாடப்புத்தகமா? அதன் முதல் பக்கத்திலே தீண்டாமை பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று அச்சிட்டிருக்கிறது. அதைப் புரட்டிவிட்டுத்தான் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறோம்! அன்று சிறுவனாக இருந்தவன் வாலிபத்தின் வாயிற்படியிலே வந்து நிற்கிறான் இன்று. அவன் ஒரு மாலைப்பொழுதிலே சங்கரன்கோவிலுக்கு வந்து, ஒரு நூல் நிலையத்தின் படியேறி, 'என்னைப் போன்ற ஒருவனின் கதை இருக்கிறதா?' என்று கேட்டால் அவன் கையில் எதை எடுத்துக் கொடுப்போம்? இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்.

'விசைத்தறித் தொழிலாளி கூலி உயர்வுக்குப் போராடிக்கொண்டிருக்கிறான். நூல் விலை ஏறி இறங்கி அவன் வயிற்றிலே அடிக்கிறது. இந்த நேரத்திலே கதைப் புத்தகமா?' என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு முன்னால் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். தமிழிலே புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர். தறியிலே ஓடும் இழைக்கும் நூல் என்றுதான் பெயர். சங்கரன்கோவில் தொழிலாளிக்கு ஒரு நூல் சோறு போடுகிறது. இன்னொரு நூல் அவன் பிள்ளைக்குக் கண் திறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவிலே மூன்றாவதாக ஒரு நூல் புகுந்து கெடுக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டிலே சாதிக்கு ஒரு நிறமாகச் சுற்றப்படும் நூல்! மஞ்சளும் சிவப்பும், பச்சையும் நீலமும் என்று நிறத்தைக் காட்டி இனம் பிரிக்கும் அந்தக் கயிறு, தென் மாவட்டத்துப் பள்ளிகளிலே நேற்று முளைத்ததல்ல. 2019-இல் அதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் குரல் கிளம்பியதும் அன்றைய அமைச்சரே அதைக் கைகழுவி விட்டார். நான்கே ஆண்டுகள். 2023 ஆகஸ்ட் 9-ஆம் நாள் இரவு, நாங்குநேரியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிப்படையினர் அல்லர். கூடப் படித்த மாணவர்கள்! தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

அதன்பின் அரசு நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூன் திங்களில் அவர் அறிக்கை தந்தார். கயிறும் மோதிரமும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் வேண்டாம், பள்ளியின் பெயர்ப்பலகையிலே சாதிப் பெயர் வேண்டாம் என்பன போன்ற பல பரிந்துரைகள் அதில் இருந்தன. கயிற்றை அறுக்கச் சொன்னார், வரவேற்கிறோம். அறுத்த கையிலே எதை வைப்பது? வெறுங்கை வெகுநாள் வெறுங்கையாக இருக்காது. நாம் புத்தகத்தை வைக்காவிட்டால் வேறொருவர் வேறொன்றை வைப்பார். நாங்குநேரியிலே வைத்தது அரிவாள்.

இனி நூல் நிலையத்துக்குள் நுழைவோம். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்க் கிளை நூலகத்துக்குப் போனாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். ஒரு மூலையிலே 'சிறுவர் பகுதி' என்று ஒரு பலகை. அதன் கீழே தெனாலிராமன், மரியாதைராமன், பஞ்சதந்திரம், பரமார்த்த குரு, அரசர், அமைச்சர், அண்டரண்டப் பறவை. இன்னொரு பக்கம் பெரியோர்க்கான அடுக்குகள்: நாவல், வரலாறு, சமயம், சமையல், போட்டித் தேர்வுக் கையேடு. பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு எந்த அடுக்கு? தெனாலிராமனைத் தாண்டி விட்டான். தேர்வுக் கையேட்டுக்கு இன்னும் வரவில்லை. மீசை அரும்புகிற, குரல் உடைகிற, 'நான் யார்?' என்று கேட்கிற அந்த ஐந்தாறு ஆண்டுக்கு நம் நூல் நிலையங்களிலே தனியாக ஒரு சாண் பலகை கிடையாது. சட்டையைத் தைக்கும்போது பிள்ளைக்கு ஓர் அளவு, பெரியவருக்கு ஓர் அளவு, நடுவிலே வளர்கிற பையனுக்கு ஓர் அளவு என்று தையற்காரருக்குத் தெரிகிறது. அது நூலகத்துக்குத் தெரிய வேண்டாமா?

தெனாலிராமன் மேல் நமக்குப் பகையில்லை. 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வைப் படித்துத் தமிழ் எழுத்துக் கூட்டியவர் பல்லாயிரம் பேர். 1972-இல் நமக்கு அண்டை ஊரான சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வந்தபோது இரும்புக்கை மாயாவிக்காக வாடகை கொடுத்துப் படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர்! மின்சாரத்தைத் தொட்டதும் மறைந்துபோகிற அந்த வீரன் இலண்டன்காரன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை இலண்டன்காரனுக்காகக் கைதட்டினான். தட்டட்டும், கற்பனைக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். ஆனால் இராசகுமாரனும் இலண்டன்காரனும் மட்டுமே வீரராக வலம் வந்து, தீப்பெட்டி ஒட்டுகிறவனும் தார் சுற்றுகிறவளும் ஆடு மேய்க்கிறவனும் ஏட்டிலே ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், படிக்கிற பிள்ளையின் மனத்திலே சொல்லாமலே ஒரு பாடம் பதிகிறது: கதை என்பது பிறருக்கு நடப்பது, நமக்கு நடப்பது கதையாகத் தகாதது.

இந்தப் பாடத்தை வேறு நாட்டுப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். அமெரிக்காவிலே நான்சி லாரிக் என்னும் அம்மையார் 1965-இல் ஒரு கணக்கெடுத்து வெளியிட்டார். மூன்று ஆண்டுகளில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் நூல்களைப் புரட்டிப் பார்த்ததில், கறுப்பின மக்கள் ஒருவரேனும் இடம்பெற்ற நூல்கள் நூற்றுக்கு ஏழுகூட இல்லை, 6.7 தான்! அந்தக் கட்டுரைக்கு வித்திட்டது, நியூயார்க் மழலைப் பள்ளி ஒன்றிலே ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி படப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்ட கேள்வி. 1990-இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்னும் கறுப்பினப் பேராசிரியை, பிள்ளைக்குப் புத்தகம் முகம் பார்க்கும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், அடுத்த வீட்டைப் பார்க்கும் சாளரமாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொன்னார். சொல்லிவிட்டால் ஆயிற்றா? 2013-ஆம் ஆண்டிலும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் எண்ணிப் பார்த்த 3,200 நூல்களில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 93 தான். அரை நூற்றாண்டு ஓடியும் அளவு ஏறவில்லை என்று எழுத்தாளர்களும் நூலகர்களும் கூடி 2014-இலிருந்து ஓர் இயக்கமே நடத்தினார்கள். இரண்டு தடவையும் அவர்கள் முதலிலே செய்தது எண்ணியது. இந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு தோழர்கள், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதியிலே எத்தனை கதையின் நாயகன் அரண்மனையில் பிறந்தவன், எத்தனை கதையின் நாயகி சேரியில் பிறந்தவள், எத்தனை நூலிலே கதீஜா வருகிறாள், எத்தனை நூலிலே கால் ஊனமுற்ற பிள்ளை இரக்கத்துக்காக அல்லாமல் ஓடி விளையாடும் தோழனாக வருகிறான் என்று எண்ணலாம் அல்லவா?

இங்கேதான் ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நூல் இல்லை என்றார்கள். இங்கே நூல் இருக்கிறது, பிள்ளைக்கு எட்டவில்லை!

கரிசல் காட்டிலே, நம் பக்கத்துக் கோவில்பட்டி வட்டாரத்திலே பிறந்த பூமணி 1982-இல் 'வெக்கை' எழுதினார். கதையின் நாயகன் சிதம்பரத்துக்கு வயது பதினைந்து. அண்ணனைக் கொன்ற பண்ணையாரைப் பழி வாங்கிவிட்டுத் தந்தையோடு காடும் கண்மாயும் மலையுமாக ஓடுகிற பையன். அடுப்பு மூட்டுவது, கிழங்கு அகழ்வது, மறைந்து படுப்பது, பயப்படுவது எல்லாம் பதினைந்து வயதுக் கண்ணாலேயே காட்டப்படுகின்றன. புத்தகம் முழுவதிலும் சாதியின் பெயர் ஒன்றுகூட இல்லை என்பது வியப்பு. பழிவாங்கலைப் புகழும் கதை என்று அதைப் படிக்காதவர்கள் சொல்லக்கூடும். வெட்டிய அந்தப் பையனின் குடும்பம் எப்படிச் சிதறிப்போகிறது என்பதைப் பார்த்த பிறகு, அரிவாளைத் தூக்க எந்தப் பிள்ளைக்கும் கை வராது என்பது நம் எண்ணம். 2019-இல் அது 'அசுரன்' என்று திரைப்படமாகி ஊரெல்லாம் ஓடியது. படம் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது?

பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதை என்ன? தீர்வை கட்ட வழியில்லாத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவிலே ஏறி ஆடிப் பழகிய பிள்ளைகளின் கதை. ஆட்சி என்றால் என்ன, வறுமை என்றால் என்ன என்று நாம் மேடை போட்டு இரண்டு மணி நேரம் பேசுவதை அவர் சில பக்கத்திலே சொல்லி விட்டார். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியிலே பிறந்த பாமா 1992-இல் 'கருக்கு' எழுதினார். தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்த சிறுமி, அது சிரிக்க வேண்டிய காட்சியல்ல என்று அறிந்த நாளைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். பாஞ்சாகுளத்துப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் படித்தால் 'எனக்கு நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நேர்ந்தவர் எழுந்து நின்று எழுதியும் இருக்கிறார்' என்று அறிந்துகொள்வான். பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன், 2024-இல் மறைந்தவர், 'சிலுவைராஜ் சரித்திரம்' என்று ஒரு பையன் வளர்ந்த கதையையே பெருநூலாக எழுதிவைத்துப் போயிருக்கிறார். கொங்கு நாட்டிலே பெருமாள்முருகன் 'கூளமாதாரி'யிலே ஆடு மேய்க்கிற அருந்ததியச் சிறுவர்களைக் காட்டினார். பண்ணையத்திலே அடிமைப்பட்ட அந்தப் பிள்ளைகளின் விளையாட்டும் பசியும் பனங்காட்டின் நிழலும் அதிலே உயிரோடு நிற்கின்றன. தோப்பில் முஹம்மது மீரான் 1988-இல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' தந்தார். இரா. நடராசனின் 'ஆயிஷா' ஆசிரியரிடம் கேள்வி கேட்ட குற்றத்துக்காக அடிபட்ட ஒரு மாணவியின் கதை. அதைப் படித்து அழாத ஆசிரியர் இருந்தால் அவர் வேறு தொழில் பார்க்கலாம். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தன் வரலாற்றை 'நான் வித்யா' என்று 2007-இல் எழுதினார்.

அண்மைக் காலத்திலே இளையோர்க்கென்றே எழுதுவோரும் எழுந்திருக்கிறார்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' பிள்ளைகள் மீது நடக்கும் பாலியல் கொடுமையைப் பிள்ளைகளுக்கே புரியும்படி பேசுகிறது. 2020-இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் பெற்றது. கோவில்பட்டி உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடி மண்ணுக்குள்ளே ஒரு பையனை அழைத்துப் போகிறது. 2023-இல் அதே விருது. இன்னும் விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்று ஒரு சின்னஞ்சிறு நூல் எழுதியிருக்கிறார். எந்தக் கயிறு என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

பாருங்கள்! கண்ணாடியும் இருக்கிறது, சாளரமும் இருக்கிறது. கண்ணாடியோ பெரியோர் பகுதியின் மேலடுக்கிலே, பெரும்பாலும் அந்தப் பெரியோரும் எடுக்காத மூலையிலே. சாளரமோ சென்னைப் புத்தகக் காட்சியிலே.

'பிள்ளைகளிடம் சாதியைப் பற்றிப் பேசலாமா? பேசினால் வளருமே!' என்று சிலர் பதறுகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள் என்றே கொள்வோம். பேசாத வீட்டிலே சாதி செத்துவிட்டதா? பெட்டிக்கடை பேசுகிறது, கபடி அணியின் பெயர் பேசுகிறது, திருவிழாப் பதாகை பேசுகிறது, பேருந்து நிறுத்தச் சுவர் பேசுகிறது. பேசாமல் இருக்கும்படி கட்டளை கதைப் புத்தகத்துக்கு மட்டும்தானா? சங்கரன்கோவிலுக்கு ஒரு பெருமை சொல்வார்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று இரண்டு நாகங்கள் வழக்காட, இருவரும் ஒருவரே என்று காட்ட ஒரே உடலிலே பாதி அரனும் பாதி அரியுமாகக் கடவுள் நின்றாராம். கதையை நாம் நம்பவில்லை. கருத்தைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் கடவுளுக்கே ஒரே உடலில் இரு பங்கு கொடுத்துச் சமரசம் பேசும் வட்டாரத்திலே, ஒரே மிட்டாய்ப் புட்டியிலே இரு தெருப் பிள்ளைக்குப் பங்கு கிடைக்கவில்லையே என்பதைச் சுட்டிக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஓர் ஆபத்து வரும். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 'எல்லோருக்கும் இடம் வேண்டும் என்கிறீர்களே, அப்படியானால் எங்கள் குலத்துப் பெருமையைச் சொல்லும் நூலையும் வையுங்கள்' என்று சாதிச் சங்கத்தார் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆண்ட பரம்பரை, அடங்காத பரம்பரை, வாளேந்திய வம்சம்! இதுவா நாம் கேட்பது? இல்லை. ஒரு பிள்ளை தன் வாழ்வை ஏட்டிலே காண்பது வேறு. தன் சாதிக்கு ஏட்டிலே முடி சூட்டிக்கொள்வது வேறு. முன்னதிலே அண்டை வீட்டான் மனிதனாகத் தெரிகிறான். பின்னதிலே அவன் மறைந்து போகிறான். இப்படிப்பட்ட பெருமைக்காரர்கள்தாம் பெருமாள்முருகனை 2015 ஜனவரியிலே எழுத்தையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் நிலைக்குத் தள்ளினார்கள். 2016 ஜூலையிலே சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் அவர் பேனா மீண்டது. எனவே அடுக்கிலே சாதிக்கு ஒரு வரிசை ஒதுக்கச் சொல்லும் வகுப்புவாரிக் கணக்கை நாம் இங்கே கேட்கவில்லை. உத்தியோகத்திலே வகுப்புவாரி உரிமை கேட்டோம், கேட்போம். கதையிலே கேட்பது உண்மை. அந்த உண்மையை ஒடுக்கப்பட்டவன் மட்டும் படித்தால் போதாது. கயிறு கட்டிய பிள்ளைக்குத்தான் 'கருக்கு' முதலிலே போய்ச் சேர வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. 'விடுதலை'யும் 'திராவிட நாடு'ம் 'முரசொலி'யும் அப்படித்தான் எழுத்தறியாதவன் காதிலும் ஏறின. தெருவுக்குத் தெரு மன்றமும் படிப்பகமும் வைத்தோம். அண்ணா வானொலியிலே வீட்டிற்கோர் புத்தக சாலை வேண்டும் என்று பேசினார். எல்லாம் உண்மை. அந்தப் படிப்பகத்து விசுப்பலகையிலே உட்கார்ந்தவர் பெரும்பாலும் ஆண்கள் என்பதும் உண்மை. இன்றைக்கும் மாலையிலே கிளை நூலகத்தின் நாளேட்டு மேசையைச் சுற்றிப் பாருங்கள். பதினைந்து வயதுப் பெண் அங்கே நெருங்கி உட்கார முடியுமா? பள்ளி விட்டதும் தம்பியைத் தூக்குகிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், தறி வீட்டிலே தார் சுற்றுகிறாள். நூல் நிலையம் அவளைத் தேடிப் போனாலொழிய அவள் நூல் நிலையத்தைத் தேடி வர மாட்டாள். 1931-இலேயே மன்னார்குடிப் பக்கத்திலே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராய்க் கொண்டு சென்றார்கள். மாட்டு வண்டிக்கு முடிந்தது மோட்டார் வண்டிக்கு முடியாதா? பெண்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை ஒரு பெட்டிப் புத்தகம் போனால் என்ன குடி முழுகிவிடும்? கண் பார்வையில்லாத பிள்ளைக்குச் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலே பிரெய்ல் பகுதி இருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து சென்னைக்கு ஓர் இரவுப் பயணம்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பார்கள். நம்மிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! 1948-இல் அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவிலே முதன்முதல் வந்த நூலகச் சட்டம் அதுதான். அதற்காகப் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். அவர் எந்தக் குலத்திலே பிறந்தவர் என்பது நமக்குக் கணக்கல்ல. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்று 1931-இலே அவர் வகுத்த விதிதான் நமக்குக் கணக்கு. விதியைப் புகழ்ந்து சிலை வைத்தார்கள். 'அவருக்குரிய நூல்' எது என்று பாஞ்சாகுளத்துப் பிள்ளையிடம் கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக இன்றும் வாங்கப்படுகிறது. தறிக்கூடத்து முதலாளியும் கட்டுகிறார். ஒற்றை அறை வீட்டுக்காரனும் கட்டுகிறான். வாடகை வீட்டுத் தொழிலாளியின் வாடகையிலே அதுவும் சேர்ந்துதான் வருகிறது. நகராட்சி வாங்கிய வரியை நூலகத் துறைக்கு உரிய நேரத்திலே செலுத்த வேண்டும். செலுத்தாமல் நிலுவை வைப்பது உள்ளாட்சிகளிலே பழகிப்போன நோய்.

2006-க்கும் 2011-க்கும் இடையிலே அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்திலே 12,618 ஊராட்சிக்கும் நூலகக் கட்டடம் எழுந்தது. பின்னர் வந்த ஆண்டுகளிலே பலவற்றின் கதவிலே பூட்டுத் தொங்கியதையும், சில இடங்களிலே மூட்டைகள் அடுக்கியிருந்ததையும் கண்டோம். அண்ணா பெயரில் 2010-இல் கோட்டூர்புரத்திலே எழுந்த நூலகத்தையே அடுத்த ஆண்டு மருத்துவமனையாக மாற்றப் பார்த்து, உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்திய நாடு இது. ஊராட்சிக் கட்டடம் எம்மாத்திரம்! கட்டடம் எழுப்புகிறபோது நமக்கு வருகிற வேகம், கட்டடத்துக்குள்ளே என்ன அடுக்குவது என்பதிலே வருவதில்லை. திறப்பு விழாவுக்கு மேடை உண்டு, மாலை உண்டு. நூற்பட்டியல் தயாரிப்பதற்கு எந்த ஊரிலே யார் மாலை போட்டார்கள்?

நூலகங்களுக்குப் புத்தகம் சென்னையிலே தேர்ந்தெடுக்கப்பட்டு மாவட்டத்துக்கு வருகிறது. தேர்விலே பக்கக் கணக்கும் விலைக் கணக்கும் பதிப்பாளரின் செல்வாக்குக் கணக்கும் நெடுங்காலம் பேசின என்ற புகார் பழையது. 2024-இல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை ஒன்றை அரசு வகுத்தது நல்ல தொடக்கம். அதிலே 13 முதல் 18 வயதுக்கு என்று தனிக் கணக்கு வைத்து, அதற்கென்று தனித் தேர்வுக் குழு வைத்து, அந்தக் குழுவிலே ஓர் ஆசிரியையும் ஒரு கிளை நூலகரும் உட்கார வேண்டும் என்று கேட்கிறோம். புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிறவருக்கே எது திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்று தெரியும். ஆனால் பல ஊர்களிலே ஒற்றை ஆளாக நின்று பெருக்கி, பதிந்து, பூட்டி, சாவியை எடுத்துப் போகிற அந்த நூலகரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

நகரமன்றத்திலே உறுப்பினராக உள்ள தோழர்கள், சங்கரன்கோவில் நகராட்சி கடந்த ஐந்து ஆண்டுகளிலே வாங்கிய நூலக வரி எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்ற ஒரே கேள்வியை அடுத்த கூட்டத்திலே எழுத்து மூலம் எழுப்ப வேண்டும். கிளைச் செயலாளர்கள் நூலகத்தின் வாசகர் வட்டத்திலே சேர வேண்டும். அந்த வட்டம் ஓய்வு பெற்ற பெரியவர்கள் நான்கு பேர் ஆண்டுக்கொருமுறை பொன்னாடை போர்த்திக்கொள்ளும் இடமாக இருந்தால், ஐந்தாவதாக விசைத்தறித் தொழிலாளி ஒருவரும், ஆறாவதாக பிளஸ் ஒன் படிக்கிற பெண் ஒருத்தியும் அதிலே உட்கார வேண்டும். வாசகர் கேட்கும் நூல்களைக் குறித்து வைக்கும் வழக்கம் நூல் நிலையங்களில் உண்டு. தறி நிற்கிற நாளிலே பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெரியோர் பகுதியிலே 'வெக்கை'யும் 'கருக்கு'ம் இருக்கின்றனவா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் சிறுவர் பகுதிக்குப் பக்கத்திலே ஒரு தட்டை ஒழித்து அங்கே கொண்டுவந்து வைக்கும்படி நூலகரைக் கேளுங்கள். இல்லையென்றால் 'கூளமாதாரி', 'ஆயிஷா', 'ஆதனின் பொம்மை', 'கயிறு' ஆகியவற்றையும் சேர்த்துப் பிள்ளையின் கையாலேயே எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். முகவரி கேட்டால் தெருவின் பெயரையும் முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.